விளம்புதலும் விற்றலும்

‘விளம்பு’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருள்களுள் இரண்டு ஈண்டு நம் கருத்துக்குரியன. சொல்லுதல் என்பது ஒன்று. உண்கலத்திற் சோறு பரிமாறுதல் என்பது மற்றொன்று. பிந்திய வழக்கு நம் பக்கத்தில் அருகிவிட்டது. ஆயினும் மலையாளத்திலும் நாஞ்சில் நாட்டுப் பேச்சிலும் இன்றும் உயிரோடு உலவுகின்றது. இவ்விரு பொருளையும் ஒருசேர வைத்து நோக்கின், ‘விளம்பரம்’ என்பதன் இயல்பு ஓரளவு புலப்படும். பரிமாறுவோன் உண்போனது பசியறிந்து இடுவானாயின் அது விருந்து. பசியில்லாதவனை அருகிருத்தி, ‘உனக்குப் பசிக்கின்றது, உனக்குத்தான் தெரியவில்லை’ என்று நம்பச்செய்து இடுவானாயின் அதற்கு யாது பெயரிடுவது? தொலைக்காட்சியில் அரைமணி நேரம் இடையறாது ஓடும் நெடுவிளம்பரங்களைக் காணுந்தோறும் இவ்வினா என் நெஞ்சில் எழுவதுண்டு.

அந்நிகழ்ச்சிகளை அன்பர்கள் அறிவார்கள். ஊர் உறங்கிய பின்னும், அடுக்களை ஓய்ந்த நண்பகலிலும் அவை வரும். குதிகாலைத் தேய்க்கும் கருவி, முழங்காலிற் கட்டும் பட்டை, தலையை வருடும் கம்பிக் கூடு, எழுதுகோல் அளவினதாய் முகத்து மயிர் களையும் மின்கத்தி என்று, கைக்குள் அடங்கும் பொருள்களே பெரும்பாலும் ஆங்கு விலைகூறப்படுவன. கருவியோ சிறிது, அதைப் பற்றிய பேச்சோ நெடிது. இத்துணைச் சிறிய பொருளுக்கு இத்துணைப் பெரிய பேச்சு எதற்கு என்பதே யான் ஆராயப் புகுந்தது.

நம் பழைய நூல்களில் விற்பவர் குரல் கேட்கும் இடங்கள் பல உள. அகநானூற்று 140 ஆம் பாடலில் அம்மூவனார் காட்டும் உமணர் மகளை இலக்கியம் பயின்றோர் மறவார். வளை ஒலிக்கக் கைவீசிச் சேரித் தெருவில் நடந்து, நெல்லுக்கு ஒத்த அளவு உப்பு என்று அவள் மாற்றுவிலை கூறுகின்றாள். குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கின்றது; அவள் கண்கள் மருள்கின்றன; பார்த்து நின்ற தலைவன் நெஞ்சைப் பறிகொடுக்கின்றான். பாட்டின் சுவை அங்கே. யான் சுட்ட விரும்புவது வேறொன்று. அவள் கூறும் விளம்பரம் ஒரே தொடர்தான். பண்டம் இன்னது, மாற்று இன்னது. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. உப்பின்றி உணவு இல்லையென்று அவள் எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிற் பறந்த கொடிகள் வகைவகையாகக் கூறப்படுகின்றன. கள் விற்கும் மனைக்கும் ஆங்கு ஒரு கொடி உண்டு. கள்ளுக்கும் அந்தக் கொடியே போதியதாயிருந்தது போலும்!

எல்லாரும் வேண்டும் பொருளுக்கு ஒரு கூவல் போதும். எவரும் வேண்டாத பொருளுக்கோ முதலில் வேட்கையைப் படைத்தல் வேண்டும். வேட்கையைப் படைக்க எளிய வழி ஒரு குறையைக் காட்டுதல். ஆகவே இவ்வணிகர் முதலில் விற்பது கருவியை அன்று, குறையை. குறையை நாம் வாங்கிக்கொண்ட பின்னர்க் கருவி தானே விலைபோகும்.

இக்கலை தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத்து ஆடியமாவாசைத் திருவிழாவில், எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒருவரைக் கண்டு வியந்து நின்றதுண்டு. தீர்த்தக் குளத்துக்குச் சற்று அப்பால் மரநிழலில் ஒரு சாக்கை விரித்து, மூடிய கூடை ஒன்றையும் முளையிற் கட்டிய கீரி ஒன்றையும் வைத்திருப்பார். ‘இன்னும் சற்று நேரத்தில் கூடைப் பாம்பும் இக்கீரியும் பொருதும்’ என்பது முதல் வாக்கு. அதைக் கேட்டுக் கூட்டம் வட்டமாகும். தரையில் ஒரு கோடு கிழித்து, ‘இதைத் தாண்டுவோர்க்கு யான் பொறுப்பல்லேன்’ என்பார். தாண்டக்கூடாதென்றதும் விலகிப்போகவும் எவர்க்கும் மனம் வராது. பின்னர்ப் பேச்சு மெல்லத் திரும்பிப் பித்தவெடிப்புத் தைலத்துக்கு வரும்.

படுவான்கரையிலிருந்து வந்த உழவர் ஒருவரை முன்னுக்கு அழைத்து அமரச்செய்து, அவர் குதிகால் ஒன்றில் மட்டும் தைலத்தைத் தேய்ப்பார். மற்றைக் குதிகாலைத் தொடவே மாட்டார். சேறும் வெடிப்புமாய்க் கிடக்கும் அதனருகே, தைலமிட்ட குதிகால் பளபளவென்று மின்னும். நூறு சொல்லால் முடியாததை அந்த ஒரு வேற்றுமை முடித்துவிடும். அதற்குள் போத்தல்கள் கைமாறத் தொடங்கியிருக்கும். கூடையின் மூடி திறக்கப்பட்டதை யான் ஒருநாளும் கண்டேனல்லேன்.

இன்னொன்றும் கண்டேன். மறுநாள் வவுணதீவுப் பெண்மணி ஒருவர் போத்தலும் கையுமாய் வந்து, எரிச்சல் தாங்க முடியவில்லையென்று அவரை வைத ஏச்சு இன்றும் என் காதிற் கேட்கின்றது. அவர் மறுமொழி கூறாது பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். திருவிழா முடியும்வரை அவர் அம்மரத்தடியிலேதான் இருந்தாக வேண்டும். அடுத்த ஆண்டும் அங்கேதான் வந்தாக வேண்டும். இதனை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

பின்னர் வந்தது வானொலி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியது. 1952 இல் அதன் இந்திச் சேவையில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய திரைப்பாடல் நிகழ்ச்சிக்குப் ‘பினாக்கா’ என்னும் பற்பசையின் பெயரே முன்னொட்டாயிற்று. நம் தமிழ்ச் சேவையிலோ கோபால் பல்பொடியை அறியாதார் இல்லை. பல நாடுகளிலும் விரும்பி வாங்கப்படுவதென்று நாட்டின் பெயர்களை அடுக்கி வந்த அவ்வறிவிப்பை, அன்று கேட்ட பாடல்களை மறந்தவரும் மறந்திலர். உமிக்கரியும் வேப்பங்குச்சியும் இருந்த வீட்டில் இளஞ்சிவப்புப் பொடி இடம்பிடித்தது அவ்வாறே. ஆயினும் வானொலி விளம்பரத்துக்குச் செவி மட்டுமே வாய்த்தது. அது பெயரை மனத்திற் பதிக்கும். ஒரு குதிகாலைத் தேய்த்து மறுகுதிகாலோடு ஒப்பிட்டுக் காட்ட அதனால் இயலாது. மாமாங்கத்து மரத்தடி மறுபடியும் கிடைத்தது திரையிலேதான்.

திரையில் அம்மரத்தடியை முதலில் விரித்தவர்கள் அமெரிக்க நாட்டினர். அவர்களுள்ளும் தலைசிறந்தவர் உண்மையாகவே சந்தைத் தெருவிலிருந்து வந்தவர் என்பது அறியத்தக்கது. ரொன் பொப்பீல் என்பார் (1935–2021) சிக்காகோ நகரின் மாக்ஸ்வெல் தெருச் சந்தையிலும், பின்னர் வூல்வர்த் என்னும் பெருங்கடையிலும் மேசைமுன் நின்று, தந்தையார் ஆக்கிய காய்கறி வெட்டும் கருவிகளை நாள்முழுதும் செய்துகாட்டி விற்றவர். அவ்வாய்வன்மையோடுதான் அவர் தொலைக்காட்சிக்குள் நுழைந்தார். வழுக்கையை மறைக்கத் தூவும் மயிர்ப்பூச்சு ஒன்றையும் அவர் பின்னாளில் விற்றார். அரங்கில் இருந்தோரின் வழுக்கைத் தலையிலேயே அதைத் தூவிக் காட்டினார், பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாங்கினார்கள்.

அந்நாட்டில் ஒரு மணி நேரத்துள் இவ்வளவுதான் விளம்பரம் வரலாம் என்றிருந்த வரையறை 1984 இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் நள்ளிரவு தாண்டிய மலிவான நேரத்தை மொத்தமாக வாங்கி, அரைமணி நேரத்தையும் ஒரே பொருளுக்கு ஒதுக்குவது பெருவணிகமாயிற்று. நிலையத்தாருக்கு வெற்று நேரத்துக்குக் காசு. வணிகர்க்குத் தூக்கம் வராதவரின் துணை. அவ்வேளையில் விழித்திருப்போர் யார் என்று சற்று எண்ணிப் பார்க்கலாம். மூட்டுநோவால் உறக்கமிழந்த முதியோர், பிள்ளையைத் தாலாட்டும் தாய், தனிமையில் வாடுவோர் ஆகியோரே பெரும்பாலர். பேச்சுக்கு எளிதில் வயப்படும் நேரம் அது.

எல்லாம் பொய்யென்று யான் கூறேன். சான் டியேகோ நகரத்துத் தச்சர் ரிக் ஹண்ட்ஸ் என்பார், தம் தலைமயிரில் ஒட்டிய மரத்தூளை உறிஞ்சுபொறி இழுத்தெடுப்பதைக் கண்டு, அப்பொறியின் முனையிலேயே கத்தியைப் பொருத்தி மயிர் வெட்டலாமென்று கருதினார். ‘ஃபுளோபீ’ என்னும் அக்கருவி 1980களின் இறுதியில் தொலைக்காட்சி வழியே பரவியது. ஊரார் எள்ளி நகையாடிய பொருள் அது. ஆயினும் பெருந்தொற்றுக் காலத்தில், 2020 டிசெம்பரில், நடிகர் ஜோர்ஜ் குளூனி பல்லாண்டாகத் தம் மயிரை அதனாலேயே வெட்டி வருவதாகக் கூறியதும் அதற்கு மறுபடி கிராக்கி ஏற்பட்டது. நீண்ட கைப்பிடியுள்ள கால்தேய்ப்பான் ஒன்று, குனிய இயலாத என் மூத்த நண்பர் ஒருவர்க்கு வரப்பிரசாதமாயிருப்பதையும் அறிவேன். உண்மைத் தேவை உடையார் சிலர் எப்பொழுதும் உளர். ஆனால் அச்சிலரை மட்டும் நம்பி அரைமணி நேரம் விலைக்கு வாங்க எவ்வணிகராலும் ஆகாது. ஏனையோரும் தமக்கு அத்தேவை உண்டென்று நம்ப வேண்டும்.

அந்நம்பிக்கை எவ்வாறு ஊட்டப்படுகிறதென்பதற்குச் சிறந்த சான்று ‘பெட் எக்’ என்னும் குதிகால் தேய்ப்பான். இந்தியப் பெற்றோரின் மகனாய் அமெரிக்காவில் வளர்ந்த ஏ. ஜே. குபானி 1983 இல் தொடங்கிய டெலிபிராண்ட்ஸ் நிறுவனம் 2007 இல் இதனைக் கொணர்ந்தது. முட்டை வடிவான கூடு. அடியில் சாதிக்காய் துருவுவது போன்ற நுண்ணிய துருவல் தகடு. விலை பத்து டொலர். இதற்கு அரைமணி நேரமும் வேண்டியிருக்கவில்லை; இரண்டு நிமிடக் காட்சியே போதியதாயிற்று. விற்ற தொகை நான்கு கோடிக்கு மேல் என்பர் அந்நிறுவனத்தார்.

அவ்விளம்பரத்தில் இரண்டு காட்சிகள் உயிர்நிலை. ஊதிய பலூன் ஒன்றின்மேல் அத்துருவலைத் தேய்க்கிறார்கள், பலூன் வெடிக்கவில்லை. அடுத்து, குதிகாலைத் தேய்த்தபின் கூட்டைத் திறந்து கவிழ்க்கிறார்கள்; உதிர்ந்த தோற்பொடி குவியலாய் விழுகின்றது. முன்னது அச்சத்தை நீக்குவது. பின்னது அருவருப்பை எழுப்புவது. இவ்வளவு அழுக்கையா இத்தனை நாளும் காலிற் சுமந்தேன் என்று பார்ப்பவர் தம் காலை மடக்கி நோக்குவர். அக்கணத்திலேயே வணிகம் முடிந்தது. மரத்தடித் தைலக்காரர் இக்காட்சியைக் கண்டிருப்பாராயின் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பழைய வீட்டுக் கிணற்றடி ஒவ்வொன்றிலும் சொரசொரப்பான கல்லொன்று கிடக்கும். நாற்று நட்டுவரும் பெண்கள் கால் கழுவும்போது குதிகாலை அதில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு நடையேறுவர். அக்கல்லுக்குப் பெயருமில்லை, விலையுமில்லை. எவரும் அதற்கு விளம்பரம் செய்திலர். ஆதலின் குழாய்நீர் வந்து கிணறு மூடப்பட்டபோது அதற்கென இரங்கினாரும் இலர். பலூனின்மேல் அதைத் தேய்த்தால் பலூன் வெடிக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் பலூனுக்குப் பித்தவெடிப்பு வருவதில்லையே!

நம் வீடுகளுக்கு இக்கலை தாமதமாகத்தான் வந்தது. இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கி, 1982 இல் ரூபவாகினி வந்தபோதும், போர்க்காலத்தில் மின்சாரமே கிட்டாத ஊர்கள் வாவிக்கரையில் எத்தனையோ. பின்னர் வான்வழி அலைவரிசைகள் கூரைதோறும் இறங்கின. அவற்றோடு, இந்திய வணிக நிறுவனங்கள் தமிழிற் பேசி விற்கும் காட்சிகளும் நம் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. நாப்டால் என்னும் நிறுவனம் தமிழுக்கெனத் தனி அலைவரிசையே நடத்தியது.

அந்நிறுவனத்தின்மீது இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை 2022 பெப்ரவரியிற் பிறப்பித்த ஆணை, இக்கலையின் உள்ளறையைத் திறந்து காட்டுவது. காந்த முழங்காற்பட்டை, அக்குபிரஷர் யோகா செருப்பு, பொன்னகை இணை ஆகியன பற்றிய விளம்பரங்கள் மக்களை மயக்குவனவென்று கண்டு, பத்து இலட்சம் இந்திய ரூபா தண்டம் விதித்தது அதிகாரசபை. என்னைக் கவர்ந்தது தண்டத்தொகை அன்று. ஆணையின் பிற கூறுகள். முன்னரே பதிவு செய்த காட்சியை அன்று நேரே நிகழ்வது போலக் காட்டிப் பொருள் கையிருப்புக் குறைந்து வருவதாகச் சொல்லுதல் கூடாது. பதிவு செய்யப்பட்டதென்று தெளிவாக அறிவித்தல் வேண்டும். அடுத்த முப்பது நாளுக்குள் அப்பொருள் மீண்டும் கிடைக்குமாயின், இன்றோடு தீர்ந்துவிடும் என்று செயற்கையான தட்டுப்பாட்டைக் காட்டுதலும் கூடாது. இதுவே அதன் சாரம்.

இதன் நுட்பத்தை எண்ணுக. ‘விரைவில் தீர்ந்துவிடும்’ என்று எதிர்காலத்திற் கூறுகின்றவருடைய பேச்சு, உண்மையில் எப்பொழுதோ முடிந்த இறந்தகாலம். அவர் பேசி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார், நாம் பதறுகின்றோம். மாமாங்கத்து வணிகரிடம் ஐந்து போத்தல்தான் மிச்சமென்றால் எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம். எண்ணவொண்ணாத இடத்திற் குவியலை வைத்துக்கொண்டு எண்ணிக்கை கூறுவதே திரைவணிகத்தின் புதுமை.

என்பால் முன்னர்ப் பயின்ற மாணவன் ஒருவனின் தாயார், படுவான்கரையில் வயற்கூலிக்குச் செல்பவர், சென்ற ஆண்டு இத்தகைய காந்தப் பட்டை ஒன்றைத் தம் முழங்காலிற் கட்டியிருக்கக் கண்டேன். தொலைக்காட்சியில் வந்ததென்று ஒட்டுத்தாள் ஒட்டியிருந்ததை நம்பி ஒரு கடையில் வாங்கினாராம். விலை அவருடைய மூன்று நாட் கூலி. “நோவு குறைஞ்சுதா அக்கா?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, “காந்தம் இரும்பத்தானே சேர் இழுக்கும், என்ட முழங்கால்ல இரும்பு எங்க கிடக்கு?” என்றார். அறியாமையால் வாங்கினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பௌதிகம் கற்பிப்போரும் இதனினும் சுருங்கக் கூறார். பின்னை ஏன் வாங்கினீர்கள் என்றதற்கு அவர் சொன்ன மறுமொழி: “அந்தப் பெட்டிக்குள்ள இருந்த பொம்பிளயும் எனக்கு நோகிற மாதிரித்தான் நொண்டி நடந்தா. எனக்கு நோகுதெண்டு வேற ஆரு சேர் கேட்ட?”

அதன் பின்னர்த்தான் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசென்றேன். செய்யுளுக்கு அணி காணப் பழகிய மாணாக்கரை, இவ்விளம்பரங்களில் ஒன்றை முழுதும் எழுதிவந்து இலக்கணம் கூறுமாறு பணித்தேன். அவர்கள் கண்டவை என்னை வியப்பித்தன. ‘இப்பொழுதே’ என்னும் சொல்லை எண்ணத் தொடங்கிய மாணவி ஒருத்தி பாதியிலே கைவிட்டாள். விற்பவர் வாயில் ஏவல் வினையும் எதிர்காலமுமே மிகுதி. இறந்தகாலம் வருவதெல்லாம் பயன்பெற்றதாகக் கூறும் சாட்சிகளின் வாயில் என்று ஒருவன் வகுத்தான். ‘முன்னர்’ என்னும் காட்சி நிறமின்றி மங்கலாகவும், ‘பின்னர்’ என்னும் காட்சி வண்ணத்தோடும் வருவதை முரணணியில் அடக்கினர் சிலர். மேலே ஒரு பெரிய விலையைக் கூறி, அதனை அடித்து, அடுத்ததைக் கூறி, அதனையும் அடித்து, ‘பொறுங்கள், இன்னும் உண்டு’ என்று மற்றொன்றை இலவசமாகச் சேர்ப்பதற்கு எவ்வணி பொருந்துமென்று நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. முடிவு காணாமலே மணி அடித்துவிட்டது.

யாவற்றினும் சிறந்ததாக யான் மதித்தது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் குறித்தது. ‘மருத்துவர்களாற் பரிந்துரைக்கப்பட்டது’, ‘ஆய்வில் நிறுவப்பட்டது’ என வரும் தொடர்களில் செயப்பாட்டுவினை ஏன் இத்துணை மலிந்துள்ளது என்பது அவன் வினா. எந்த மருத்துவர்? எவர் ஆய்வு? செயப்பாட்டுவினையில் வினைமுதலை மறைத்தல் எளிது. நம் மொழியின் இயல்பான நடை செய்வினை. ‘கொற்றன் வெட்டினான்’ என்றால் வெட்டியவனைப் பிடிக்கலாம். ‘வெட்டப்பட்டது’ என்றால் யாரைப் பிடிப்பது?

சொல்லாமற் சொல்லுதல் பற்றியும் இங்கே ஒன்று கூறல் வேண்டும். சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்று தொல்காப்பியர் பெயரியலிற் கூறியுள்ளார். உள்ளுறையும் இறைச்சியும் நமக்குக் கவிதைச் செல்வம். இக்குறிப்புப் பொருளே ஒருகால் நீதிமன்றம் ஏறியது. முன் கூறிய டெலிபிராண்ட்ஸ் நிறுவனம் 2001 இன் இறுதியில் ‘ஆப் போர்ஸ்’ என்னும் மின் இடுப்புப் பட்டையை விற்கத் தொடங்கியது. உடற்பயிற்சி இன்றியே வயிற்றை ஒடுக்கும் என்று பிற நிறுவனத்தார் தம் பட்டைகளைப் பற்றிக் கூறிவந்த காலம் அது. இந்நிறுவனத்தார் தம் பட்டை வயிற்றை ஒடுக்கும் என்று ஓரிடத்தும் கூறவில்லை. ‘தொலைக்காட்சியில் வரும் அந்தப் பட்டைகளைக் கண்டிருப்பீர்கள்; அவை இன்னின்ன செய்யும் என்கிறார்கள்; அவற்றின் விலை மிகுதி; எமதும் அத்துணை வலியது, விலை பத்தே டொலர்’ என்னும் போக்கில் அமைந்தது விளம்பரம். கட்டான இடையினர் அப்பட்டையோடு திரையில் நின்றனர். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பட்டைகள் விலைபோயின.

அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2005 இல் தந்த தீர்ப்பு, சொற்களை மட்டும் நோக்காது அவை கேட்போர் உள்ளத்தில் விளைக்கும் கருத்தையும் நோக்கி, அவ்விளம்பரம் ஆதாரமற்ற வாக்குறுதியே என்று முடிவு கட்டியது. 2006 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்றது. 2009 இல் எழுபது இலட்சம் டொலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது. ‘யாம் அவ்வாறு சொல்லவில்லையே’ என்பது ஆங்கு எடுபடவில்லை. குறிப்பிற் பொருள் கொள்வது புலவர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று கருதுவோர் இவ்வழக்கை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். என் மாணாக்கர்க்கு இறைச்சிப் பொருள் கற்பிக்கும் நாளில் இதனையும் கூறுகின்றேன். குறிஞ்சித் திணையை விட இது அவர்களுக்கு விரைவில் விளங்குகின்றது என்பதைச் சற்று வருத்தத்தோடு ஒப்புகின்றேன்.

இலங்கையிலும் சட்டம் இல்லாமலில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகர் மக்களைத் தவறான வழியில் நடத்தும் ஒழுக்கத்தையும் பொய்யான எடுத்துரைப்பையும் தடுக்கின்றது. ஆனால் பேச்சு ஒரு நாட்டிற் பதிவாகி, வானில் ஏறி, இன்னொரு நாட்டில் இறங்கி, பொருள் மூன்றாம் நாட்டில் ஆக்கப்பட்டு, நம்மூர்க் கடையொன்றில் விலைபோகும்போது, வவுணதீவுப் பெண்மணியைப் போல் போத்தலும் கையுமாய் யாரிடம் செல்வது? கடைக்காரர், ‘தொலைக்காட்சியிற் பேசியது நானா?’ என்பார். அப்படித்தான் சொன்னாராம் அந்தத் தாயாருக்கும். முறைப்பாடு ஒன்று எழுதித் தருகிறேன், பற்றுச்சீட்டைக் கொண்டுவாருங்கள் என்றேன். பற்றுச்சீட்டுக் கொடுக்கப்படவேயில்லை. பட்டை வந்த பெட்டியை மட்டும் பத்திரமாக வைத்திருந்து மகனிடம் கொடுத்தனுப்பினார். ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். நொண்டி நடப்பவளின் படமும், நிமிர்ந்து நடப்பவளின் படமும், முழங்காலைச் சுற்றிச் செந்நிற வளையங்களும் இருந்தன. செய்தவர் பெயர் எங்கும் இல்லை.